வயிற்றுக்குள் சீழ், அவசர அறுவை சிகிச்சை, ஆன்டிபயாடிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அவசர வயிற்று அறுவை சிகிச்சைக்கு வருபவர்களின் குடும்பத்தாரும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களும், பணியில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்களும் அறுவை சிகிச்சை மருத்துவனாகிய என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வார்டில் நின்றபடி பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. ஒருவருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

அறுவை சிகிச்சை தேவைப்படும் வயிற்றுத் தொற்று என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

குடல்வால் வீங்கிச் சீழ் பிடிப்பது, இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண் ஓட்டையாவது, பித்தப்பை அழற்சி, டைபாய்டு அல்லது காசநோயால் சிறுகுடல் ஓட்டையாவது, குடலிறக்கத்தில் மாட்டிய குடல் அழுகுவது, பெருங்குடல் கிழிவது ஆகியவை முக்கியமானவை.

கல் குவாரியில் வேலை செய்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், மூட்டு வலிக்காரர்கள் பலர் வெறும் வயிற்றில் டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குகிறார்கள். இரைப்பைப் புண் ஓட்டையாகி வருபவர்களிடம் இந்தப் பழக்கத்தை விசாரிக்காமல் விடக் கூடாது. வலி தொடங்கிய நிமிடத்தைக்கூட அவர்களால் சொல்ல முடியும். அவ்வளவு திடீரென்று வரும். வயிறு விறைத்திருக்கும், தொட விடமாட்டார்கள்.

நல்ல ஆன்டிபயாடிக் இருக்கும்போது ஏன் அறுக்க வேண்டும்?

ரத்தம் போகும் இடத்துக்குத்தான் மருந்தும் போகும். சீழ்க்கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே அமிலத்தன்மை கூடுதல், ஆக்சிஜன் குறைவு. அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் சென்றாலும் சரியாக வேலை செய்வதில்லை. ஓட்டை திறந்திருக்கும்வரை மலமோ பித்தமோ வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதால் பயனில்லை. ஓட்டையை அடைப்பது, அழுகிய பகுதியை எடுப்பது, சீழை வடிப்பது இவைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. சீழ் பரவாமலும் ரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்காமலும் காப்பது ஆன்டிபயாடிக்கின் பங்கு. எல்லாச் சீழுக்கும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதும் இல்லை. கல்லீரல் சீழ்க்கட்டி போன்றவற்றை ஸ்கேன் பார்த்தபடி ஊசி அல்லது குழாய் செலுத்தி வடித்துவிட முடியும்.

குடல்வால் அழற்சியை மருந்திலேயே குணப்படுத்தலாம் என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் ஓட்டையாகாத, சீழ்க்கட்டி இல்லாத, ஸ்கேனில் உறுதியான குடல்வால் அழற்சிக்கு மட்டுமே அது பொருந்தும். பின்லாந்தில் நடந்த ஆய்வில் முதலில் மருந்து மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் 39 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கு 90 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடல்வாலுக்குள் கல் போன்று இறுகிய மலம் இருந்தவர்களில் இது 41 சதவீதம்.

இந்த எண்களோடு நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பேன்: வீடு எங்கே இருக்கிறது? ஓசூர் நகரில் இருப்பவருக்கு நள்ளிரவில் வலி திரும்பினால் சற்று நேரத்தில் மருத்துவமனை சேர்ந்துவிடலாம். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக்கு அப்பாலோ இருப்பவருக்கு அப்படியில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சையையே நான் பரிந்துரைக்கிறேன்.

எந்த மருந்து என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

சீழ் பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும். அதற்குள் மருந்தைத் தொடங்கியாக வேண்டும் என்பதால் கணித்துத்தான் தொடங்குகிறோம்.

முதலில், கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறோம். இரைப்பையில் அமிலம் இருப்பதால் கிருமிகள் மிகக் குறைவு. கீழே போகப்போகப் பெருகும். பெருங்குடலில் ஒரு கிராம் மலத்தில் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பான்மை ஆக்சிஜன் இல்லாமலேயே வாழ்பவை. வயிற்றைத் திறந்ததும் அறை முழுவதும் பரவும் அந்த அழுகல் நாற்றம் பாக்டீராய்ட்ஸ் போன்ற இவ்வகைக் கிருமிகளின் அடையாளம். ஆகவே குடல்வால், பெருங்குடல், கடைச்சிறுகுடல் தொற்றுகளுக்கு இரண்டு வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்து வேண்டும்: ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகைக்கு ஒன்று, ஆக்சிஜன் வேண்டாத வகைக்கு மெட்ரோனிடசோல். செப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் சேர்ந்து கொடுக்கப்படுவது இதனால்தான். அமாக்சிசிலின் - கிளாவுலனேட் ஊசி ஒன்றே இரண்டு வகையையும் தாக்கும். பித்தப்பைத் தொற்றுக்குப் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் தேவையில்லை. பித்தக்குழாயைக் குடலோடு முன்பே இணைத்திருந்தால் தேவை. இரைப்பைப் புண் ஓட்டையாகி ஒரு நாளுக்குள் வந்து அறுவை சிகிச்சை முடிந்துவிட்டால், பெரும்பாலும் ஒரே நாள் மருந்து போதும்.

அடுத்து, கிருமி எங்கே ஒட்டியது என்பது. வீட்டிலிருந்து நேராக வந்தவரின் குடலில் உள்ள கிருமிகளும், மூன்று வாரம் வேறு மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு வந்தவரின் குடலில் உள்ளவையும் ஒன்றல்ல. கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா, மருத்துவமனையில் தங்கினாரா, முன்பே வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். இங்கேதான் பெரும் சிக்கல் வருகிறது. உறவினர்கள் கொண்டுவரும் பையைத் திறந்தால் பழுப்பு உறைக்குள் கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள் இருக்கும். பெயர் அச்சான பகுதி கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். இரண்டு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை மட்டும் மிஞ்சியிருக்கும். "காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள்" என்பார்கள். அதில் செபிக்சிம் இருந்ததா, ஆப்லாக்சசின் இருந்ததா என்று தெரிந்தால் நான் தொடங்கும் மருந்தே மாறக்கூடும்.

மூன்றாவது, நோயாளியின் நிலை. ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து, குழம்பிப் பேசுபவரிடம் முதல் கணிப்பு தவறக் கூடாது; அடுத்த மருந்துக்கு நேரம் இருக்காது. அவருக்குப் பிபராசிலின் - டாசோபாக்டம் அல்லது மெரோபெனெம் போன்றவற்றைத் தயங்காமல் தொடங்க வேண்டும். முந்தாநாள் வலி தொடங்கி, நடந்தே வந்த இருபது வயது இளைஞனுக்கு அவை வேண்டியதில்லை.

பவர் அதிகமான, விலை கூடிய ஊசியையே போட்டுவிடலாமே? செலவைப் பற்றிக் கவலையில்லை.

மகனுக்காகத் தோட்டத்தை அடகு வைக்கவும் தயாராக நிற்கும் தந்தை கேட்கும் கேள்வி இது. அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆன்டிபயாடிக்கை விலையை வைத்துத் தரம் பிரிக்க முடியாது. எந்த மருந்துக்குக் கிருமி கேட்கிறதோ, அதாவது கட்டுப்பட்டுச் சாகிறதோ, அதுதான் நல்ல மருந்து. செப்ட்ரியாக்சோனுக்குக் கேட்கும் கிருமியை மெரோபெனெம் கூடுதலாகக் கொன்றுவிடாது. மெரோபெனெம் தேவையில்லாமல் பாயும் ஒவ்வொரு உடலிலும், அதற்குக் கேட்காத கிருமிகள் குடலில் இடம் பிடிக்கின்றன. அவை வார்டில் அடுத்த படுக்கைக்கும், பிறகு வீட்டுக்கும் போகும்.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முதலில் நாட வேண்டியவற்றில் அமாக்சிசிலின் - கிளாவுலனேட், மெட்ரோனிடசோல், அமிகாசின், ஜென்டாமைசின், செபாசோலின் ஆகியவை உள்ளன. கவனித்துப் பயன்படுத்த வேண்டியவற்றில் செப்ட்ரியாக்சோன், சிப்ரோப்ளாக்சசின், பிபராசிலின் - டாசோபாக்டம், மெரோபெனெம் உள்ளன. கடைசிப் புகலாகக் காக்க வேண்டியவை கொலிஸ்டின், டைகிசைக்ளின் போன்றவை. முதல் நாளிலேயே மூன்றாம் வகையைக் கேட்டு வாங்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. தேவைப்படும்போது பெரிய மருந்தைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். செப்ட்ரியாக்சோனுக்குக் கேட்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்தில் கலந்தவர்களிடம் நடந்து 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் மெரோபெனெம் பெற்றவர்களில் 3.7 சதவீதம்; பிபராசிலின் - டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதம். மெரோபெனெம் அப்படித் தேவைப்படும் நாளிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இன்று காக்கச் சொல்கிறேன்.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. பிபராசிலின் - டாசோபாக்டமோ மெரோபெனெமோ ஓடும்போது மெட்ரோனிடசோலைச் சேர்த்து எழுத வேண்டாம். ஆக்சிஜன் வேண்டாத கிருமிகளை அவையே கொன்றுவிடும். அமீபா என்ற சந்தேகம் போன்ற தனிக் காரணம் இருந்தால் ஒழிய, அது நோயாளிக்குக் குமட்டலை மட்டுமே கூட்டும்.

சிப்ரோப்ளாக்சசின் பழைய, நல்ல மருந்தாயிற்றே?

ஒரு காலத்தில் நல்ல மருந்துதான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2010 வழிகாட்டுதல், ஈ.கோலையில் 90 சதவீதமாவது கேட்கும் இடங்களில்தான் வயிற்றுத் தொற்றுக்கு இதைத் தொடக்க மருந்தாகக் கொடுக்கலாம் என்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டு அறிக்கைகளைப் பார்த்தால், பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட ஈ.கோலை மாதிரிகளில் பெரும்பான்மை சிப்ரோப்ளாக்சசினுக்குக் கேட்பதில்லை. டைபாய்டு கிருமியும் இந்தியாவில் அப்படியே. இவ்வகை மருந்துகள் காசநோயையும் சில வாரங்கள் அமுக்கி வைத்துக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். குடல் காசநோய் உள்ள நம் நாட்டில் அது சிறிய விஷயமல்ல.

அதே அறிக்கைகளில் செப்ட்ரியாக்சோன் வகையின் நிலையும் மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில் சேர்ந்த, ஏற்கெனவே மருந்து பல பார்த்த நோயாளிகளின் மாதிரிகள். முன்பு மருந்து எடுக்காத, குடல்வாலை முழுமையாக அகற்றிவிட்ட ஒருவருக்குச் செப்ட்ரியாக்சோன் இன்றும் பயன்படுகிறது. அமிகாசின் ஒப்பீட்டளவில் நன்றாக வேலை செய்கிறது. சிறுநீரகத்தைக் கவனித்தபடி குறைந்த நாட்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து அனுப்பும் முன்பே ஊசி போட்டால் நோயின் அறிகுறிகள் மறைந்துவிடாதா?

அந்தப் பயத்தில் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. தொற்று முற்றி, ரத்த அழுத்தம் சரிந்து நச்சுநிலைக்கு (செப்சிஸ்) போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலக அளவிலான பரிந்துரை. பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ 108 வண்டி ஏறி, பெரிய மருத்துவமனையில் பதிவு முடிந்து, வார்டுக்கு வரும்வரை காத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். இப்படிப்பட்டவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நரம்பு வழியாகத் திரவம், செப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் தொடங்கிவிடுங்கள். ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்க வசதி இருந்தால் முதலில் எடுங்கள். இல்லையென்றால் அதற்காக ஊசியை நிறுத்தாதீர்கள். என்ன மருந்து, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று எங்களிடம் அனுப்பும் சீட்டில் எழுதுங்கள். "ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களுக்கு எதுவும் தெரியாது.

வலி மருந்து கொடுத்தால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பழைய நம்பிக்கை. ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. நோயாளியைத் துடிக்க விட வேண்டாம். ஆனால் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகித்தால் டைக்ளோபெனாக்கைத் தவிர்த்து வேறு வலி மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீராய்டு கலந்த ஊசி கூடவே கூடாது. காய்ச்சலையும் வயிற்று இறுக்கத்தையும் அது மறைத்துவிடும்.

குடல் ஏற்றம் என்று வயிற்றை நீவிவிடலாமா?

கூடாது. வீங்கிய குடல்வால் அழுத்தத்தில் உடைந்துவிடும். குழந்தைக்கு வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் மருந்து?

பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவு. ஓட்டையாகாத குடல்வாலை எடுத்தால், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஒரே ஊசி போதும். மறுநாள் ஊசி போடவில்லை என்று செவிலியரிடம் சண்டை போடாதீர்கள். சாதாரண, நடுத்தரப் பித்தப்பை அழற்சியில் பித்தப்பையை எடுத்த ஒரு நாளுக்குள் மருந்தை நிறுத்தலாம் என்பது 2018 டோக்கியோ வழிகாட்டுதல்.

சீழ் பரவியிருந்தவர்களுக்கு எத்தனை நாள் என்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அமெரிக்கா, கனடாவில் 518 நோயாளிகள். ஓட்டையை அடைத்துச் சீழை நீக்கிய பிறகு ஒரு பிரிவினருக்கு நான்கு நாட்களும், இன்னொரு பிரிவினருக்குக் காய்ச்சல் முதலியவை தணிந்து இரண்டு நாள் ஆகும்வரை, சராசரியாக எட்டு நாட்களும் மருந்து. மீண்டும் தொற்று, காயத்தில் சீழ், இறப்பு இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதல் பிரிவில் 21.8 சதவீதம், இரண்டாவதில் 22.3. பாதி நாட்களில் அதே பலன். 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ஓட்டையான குடல்வாலை எடுத்த பிறகு இரண்டு நாள் ஊசி ஐந்து நாளுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது.

ஓட்டையைச் சரியாக அடைக்க முடிந்தவர்களுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். சீழ் எஞ்சியிருப்பவர், ரத்தத்தில் கிருமி கலந்தவர், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர் ஆகியோருக்குத் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் நாளும் காய்ச்சல் அடிக்கிறது. மருந்தை மாற்றச் சொல்லலாமா?

மருந்தை மாற்றும் முன் ஸ்கேனைக் கேளுங்கள். தையல் கசிகிறதா, இடுப்புக் குழியிலோ உதரவிதானத்துக்குக் கீழோ சீழ் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை வடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஊசிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பொன்னான நாட்கள் போய்விடும். நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, ஊசி ஏற்றிய நரம்பின் வீக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்பது தவறா?

தவறே இல்லை, கேளுங்கள். ஊசிக் குழலில் உறிஞ்சிய ஓரிரு மில்லி சீழ், பஞ்சில் தொட்டு எடுப்பதைவிடப் பல மடங்கு மேல். பஞ்சு காய்ந்துவிட்டால் கிருமியும் செத்துவிடும். முடிவு வந்ததும் தேவைக்கு மிஞ்சிய மருந்தைக் குறைக்க வேண்டும். மெரோபெனெமில் தொடங்கியவரின் கிருமி செப்ட்ரியாக்சோனுக்குக் கேட்கும் என்று வந்தால் இறங்கிவர வேண்டும். ஆக்சிஜன் வேண்டாத கிருமிகளை வளர்க்கும் வசதி பல ஆய்வகங்களில் இல்லை. அவை முடிவில் வரவில்லை என்பதால் மெட்ரோனிடசோலை நிறுத்திவிடக் கூடாது.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொன்னார்கள். என்ன செய்வது?

என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு என்றால் அது உண்மையான ஆபத்து. வாந்தி, பேதி மட்டும் என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. பென்சிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒவ்வாமை இல்லை என்று தெரியவந்திருக்கிறது. கையில் சிறிதளவு குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸை மட்டும் நம்ப முடியாது. உங்கள் வாய்ச்சொல் அதைவிட மதிப்புள்ளது.

கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள்?

கர்ப்பிணிக்குச் செப்ட்ரியாக்சோன் வகையும் மெட்ரோனிடசோலும் கொடுக்கலாம். சிப்ரோப்ளாக்சசின், டைகிசைக்ளின் தவிர்க்கப்படும். குழந்தைக்குப் பயந்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவருக்கு அமிகாசினைத் தவிர்ப்போம், பல மருந்துகளின் அளவைக் குறைப்போம். நச்சுநிலையில் வருபவருக்கு முதல் ஊசியை மட்டும் குறைப்பதில்லை. முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் வலியைக் குறைவாக உணர்ந்து தாமதமாக வரக்கூடும். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வயிறு உப்பியிருந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

மீதமான மாத்திரைகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா? வீட்டுக்குப் போகும்போது எதை வாங்கிக்கொள்ள வேண்டும்?

வைத்துக்கொள்ள வேண்டாம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டாம். 2014 மார்ச் முதல் செபிக்சிம், செப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகள், விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாத்திரை வாங்கும்போது பெயர் தெரியும்படி அட்டையோடு கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கச் சீட்டில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: என்ன அறுவை சிகிச்சை, எந்த ஆன்டிபயாடிக் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சீழில் வளர்ந்த கிருமி எது, அது எவற்றுக்குக் கேட்டது எவற்றுக்குக் கேட்கவில்லை. கல்ச்சர் முடிவு வரும் முன்பே வீட்டுக்குப் போக நேர்ந்தால், தையல் பிரிக்க வரும் நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், இன்னொரு நாள் சேலத்திலோ பெங்களூருவிலோ சிகிச்சைக்குச் சேர நேர்ந்தாலும் அங்குள்ள மருத்துவர் முதல் ஊசியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.